கரியரில் கட்டிவிட்ட பை

மார்கழி விடுமுறைக்குப் பள்ளிக்கூடம் மூடிய அன்று, தலைமை ஆசிரியரான எங்கள் அதிபரின் மோட்டார் சைக்கிள் கரியரில் ஒரு பையை என் கையாலேயே கட்டிவிட்டேன். சிவப்பும் பச்சையுமாக நைலோன் வயரில் பின்னிய பை. பழைய சைக்கிள் டியூபைக் கீறி எடுத்த றப்பர் நாடாவால் இரண்டு சுற்றுச் சுற்றி, ஆடாமல் முடிச்சுப் போட்டேன். "கவனம் பிள்ள, பாரமாக் கிடக்கு" என்றார். உள்ளே என்ன என்று நான் கேட்கவில்லை. அதிபரிடம் அப்படிக் கேட்கிற வழக்கம் எங்களுக்கு இருக்கவில்லை. கிரானில் இருந்த தன் மனைவி வீட்டுக்கு அவர் புறப்பட்டுப் போனார். இரண்டு கிழமை கழித்துக் கடல் வந்தது.

படிப்பித்தவரைப் பற்றி, அதுவும் தலை நரைத்த மனிதரைப் பற்றிக் கெட்டது எழுதலாமா என்று கேட்பார்கள். கேட்கட்டும். நல்லதை எழுதப் பலர் இருக்கிறார்கள். அவருக்குப் போர்த்திய பொன்னாடைகளை விரித்தால் எங்கள் கடற்கரை முழுவதையும் மூடலாம். எனக்கு அவர்மேல் உள்ள கோபம் இத்தனை வருடத்தில் ஒரு சொட்டும் வற்றவில்லை. வற்றவேண்டும் என்று நான் முயலவும் இல்லை.

உயர்தரப் பரீட்சை முடிந்து, மலைநாட்டில் இருந்த கல்வியியற் கல்லூரி ஒன்றிலிருந்து எனக்குக் கடிதம் வந்தபோது வயது இருபது. மூன்று வருடப் பயிற்சி, முடித்தால் ஆசிரியை நியமனம். வீட்டில் ஆங்கிலக் கடிதம் வந்தாலும் வேறு பிரச்சினை வந்தாலும் அதிபரிடம்தான் கொண்டுபோவோம். அம்மா என்னையும் கடிதத்தையும் கூட்டிக்கொண்டு போனார். அவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டு இரண்டு தரம் வாசித்தார். பிறகு கடிதத்தை மடித்து என்னிடம் தராமல் மேசையிலேயே வைத்துவிட்டுச் சொன்னார்: "மூணு வருசம் அங்க போய்க் கிடக்கிறத்துக்கு, இஞ்ச என்ட பள்ளிக்கூடத்தில தொண்டரா நில்லு பிள்ள. ஒரு வருசம், மிஞ்சினா ரெண்டு. நிரந்தரமாக்கிப் போடுவாங்க. ரோட்டு முழுக்க செக்பொயின்ற். பொம்பிளப் பிள்ளய ஏன் அவ்வளவு தூரம் அனுப்புறீங்க?"

தொண்டர் ஆசிரியர் என்றால் சம்பளம் இல்லாமல் படிப்பிக்கிறவர். சண்டைக் காலத்தில் ஆசிரியர்கள் வராத பள்ளிக்கூடங்களை அப்படிப்பட்ட பெண்பிள்ளைகள்தான் இழுத்துக்கொண்டு போனோம். என்றைக்கோ ஒருநாள் அரசாங்கம் கூப்பிட்டு நியமனம் தரும் என்ற நம்பிக்கை ஒன்றுதான் கூலி. அவர் சொன்னது அறிவுரை என்று அன்று நினைத்தேன். அவருக்கு ஐந்தாம் வகுப்புக்கு ஆள் தேவைப்பட்டது என்பது பிறகுதான் புரிந்தது. ஆனால் தலையாட்டியது நான். என் அம்மா இன்றைக்கும் அதைச் சொல்லிக் காட்டுவார்: "அவர் சொன்னார் சரி. ஆட்டின தல ஆர்ர தல?" அரசனை நம்பிப் புருசனைக் கைவிட்டவள் கதையை என் பெயர் போட்டே எழுதலாம்.

நான் சேர்ந்தது தைப்பொங்கல் கழிந்த ஒரு திங்கட்கிழமை. அன்று மாலை அதிபர் என்னைக் கூப்பிட்டு, "உன்ட பேர சம்பவத்திரட்டில போட்டிட்டன். இனி உனக்குப் பயமில்ல" என்றார். சம்பவத்திரட்டு என்பது பள்ளிக்கூடத்தில் அன்றன்று நடப்பதை அதிபர் எழுதிவைக்கும் தடித்த புத்தகம். யார் வந்தார், யார் போனார், எந்தக் கூரை ஒழுகியது என்பதெல்லாம் அதில் இருக்கும். தொண்டர்களுக்கு அதுதான் சாட்சி. எத்தனை வருடம் நின்றாய் என்று நாளைக்கு ஒருவன் கேட்டால் அந்தப் பக்கத்தைத்தான் காட்டவேண்டும். நான் அதை ஒருநாளும் திறந்து பார்க்கவில்லை. அது அதிபரின் அலுமாரியில், அதிபரின் பூட்டுக்குள் இருந்தது.

நாலு வருடம் ஐந்தாம் வகுப்பை நான்தான் படிப்பித்தேன். பள்ளிக்கூடத்துக்கு முன்னால் கடல், பின்னால் வாவி. இரண்டு பக்கத்துக் காற்றும் அடித்துக் கரும்பலகை ஆடிக்கொண்டே இருக்கும். இறால் பிடிக்கத் தகப்பனோடு போய்விட்டு ஈரச் சட்டையோடு வகுப்புக்கு வருகிற பிள்ளைகள். அவர்களை விடியற்காலையிலும் பின்னேரத்திலும் பிடித்து இருத்திப் படிப்பித்ததில், ஒரு வருடம் மூன்று பேர் புலமைப்பரிசில் பரீட்சையில் சித்தியடைந்தார்கள். அந்தப் பள்ளிக்கூடத்தில் அதற்கு முன் ஒருவரும் சித்தியடைந்ததில்லை. கூட்டம் வைத்தார்கள், அதிபருக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். நான் கடைசி வரிசையில் இருந்து உள்ளங்கை சிவக்கக் கை தட்டினேன். அவருடைய பெருமையில் எனக்கும் ஒரு பங்கு இருக்கிறது என்று நினைத்த மடைச்சி நான்.

கடல் வந்தது ஞாயிற்றுக்கிழமை. பள்ளிக்கூடத்தில் ஒருவரும் இருக்கவில்லை. பிள்ளைகள் வீடுகளில் இருந்தார்கள், வீடுகள் கடற்கரையில் இருந்தன. கடலுக்குத் தப்பி ஓடியவர்களை வாவி மறித்தது. என் வகுப்பில் ஒன்பது பேர் போனார்கள். மூன்றாம் நாள் அதிபர் வந்தார். பள்ளிக்கூடம் நின்ற இடத்தில் அத்திவாரம் மட்டும் மணலுக்குள்ளிருந்து தெரிந்தது. அதன் மேல் நின்று, இடாப்புக் கூப்பிடுவதுபோல ஒவ்வொரு பிள்ளையின் பெயரையும் சொல்லி அழுதார். அந்த அழுகை பொய் இல்லை. நான் பக்கத்தில் நின்று பார்த்தவள், சொல்கிறேன், அது பொய் இல்லை. பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு என்னிடம் திரும்பி, "எல்லாம் போயிட்டு பிள்ள. இடாப்பு, சம்பவத்திரட்டு, ஒண்டும் மிச்சமில்ல. கடல் கொண்டு போயிட்டு" என்றார். ஒன்பது பிள்ளைகள் போன இடத்தில் புத்தகத்துக்கு யார் அழுவது? கரியரில் கட்டிய பை அப்போது என் நினைவில் ஓர் ஓரத்திலும் இல்லை.

தறப்பாள் கொட்டிலில் வகுப்பைத் தொடங்கினோம். அந்த நாட்களில் வெளிநாட்டு நிறுவனங்களின் வெள்ளை வாகனங்கள் எங்கள் ஒழுங்கைகளில் நிறைந்திருந்தன. எனக்கு ஆங்கிலம் சுமாராக வரும் என்று கண்டு, ஒரு நிறுவனத்தில் வெளிக்கள உத்தியோகத்தராக வரச்சொல்லிக் கேட்டார்கள். அது என் இரண்டாவது வாசல். மறுபடியும் அதிபரிடம் போனேன். "அவங்க ரெண்டு வருசத்தில பெட்டியக் கட்டிருவாங்க. சேவ முறிஞ்சா எல்லாம் முறிஞ்ச மாதிரித்தான். யோசி" என்றார். அவர் சொன்னதில் பாதி உண்மை. அவர்கள் பெட்டியைக் கட்டத்தான் செய்தார்கள். முறிவதற்கு என் பெயரில் ஒரு சேவையே இல்லை என்ற மற்றப் பாதியை அவர் வாய்க்குள் வைத்துக்கொண்டார். நான் கொட்டிலிலேயே நின்றேன். கல்வியியற் கல்லூரிக்கு விண்ணப்பிக்கும் வயதும் அதற்குள் கடந்துபோனது.

யுத்தம் முடிந்தபின் தொண்டர்களை நேர்முகத்துக்குக் கூப்பிட்டார்கள். நான் முப்பதைத் தொட்டிருந்தேன். கடலுக்கு முந்திய ஒரு குறிப்பிட்ட நாளிலிருந்து தொடர்ந்து நின்றதற்கு ஆதாரம் வேண்டும் என்றார்கள். கடலுக்குப் பிறகு திறந்த புதிய சம்பவத்திரட்டில் என் பெயர் முதல் பக்கத்திலேயே இருந்தது, ஆனால் அது போதாது. பழையதற்கு, 'பாடசாலை ஆவணங்கள் யாவும் கடற்கோளில் அழிந்துவிட்டன' என்று அதிபர் முத்திரை குத்தித் தந்த கடிதத்தைக் கொடுத்தேன். மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவர் கடிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அழிஞ்சதெண்டுதானே இரிக்கி தங்கச்சி, நீங்க நிண்டதெண்டு ஒரு வரியும் இல்லையே" என்றார். அதிபர் அந்த வரியை எழுதவில்லை என்பதை அந்த மேசையில்தான் கவனித்தேன்.

மேன்முறையீடு செய்யலாம், அதிபர் ஒரு சத்தியக் கடதாசி முடித்துத் தந்தால் பார்ப்போம் என்றார்கள். அடுத்த ஞாயிறு காலை கிரானுக்குப் போனேன். அதிபர் கிணற்றடியில் குளித்துக்கொண்டிருந்தார். எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்குத்தான். அந்த வீடும் பின்னால் இருந்த வயல்வட்டையும் அவர் மனைவிக்குத் தாய்வழி வந்தவை. அந்த அம்மா என்னை இருத்தித் தேத்தண்ணி தந்தார். கோப்பையை வாயில் வைத்தபோது சுவர் ஆணியில் தொங்கிய பை கண்ணில் பட்டது. சிவப்பும் பச்சையும். கைபிடியில் றப்பர் நாடா உரசிய கறுப்புத் தழும்பு.

"இது என்ன பை?" என்று கேட்டேன். ஆறு வருடம் பிந்திய கேள்வி.

"அது பள்ளிக்கூடத்துப் புத்தகம்கா" என்றார் அந்த அம்மா, வெகு சாதாரணமாக. "ஒவ்வொரு தவணையும் லீவில கொண்டந்துதானே எழுதுற. கடல் வாறத்துக்கு முதல் கொண்டந்தவர், மறுகா திருப்பிக் கொண்டு போகவேயில்ல. கரப்பான் தின்னுது. நீங்களாவது கொண்டு போங்க."

அன்றன்று எழுதவேண்டியதைத் தவணை முடிவில் ஒரேயடியாக இருந்து எழுதுவாராம். ஒரே நாளில் எழுதியது தெரியாமலிருக்க மூன்று நிறப் பேனை. நான் பைக்குள்ளிருந்து சம்பவத்திரட்டை எடுத்துப் பக்கங்களைப் புரட்டினேன். ஒருநாள் ஆடு ஒன்று மூன்றாம் வகுப்புக்குள் புகுந்து இலங்கைப் படத்தைத் தின்றிருக்கிறது, எழுதியிருக்கிறார். தண்ணீர்ப் பானை உடைந்திருக்கிறது, எழுதியிருக்கிறார். நான் சேர்ந்த திங்கட்கிழமையைத் தேடிப் பிடித்தேன். 'மழை. வரவு குறைவு. ஐந்தாம் ஆண்டு வகுப்பை இன்று முதல் அதிபரே பொறுப்பேற்றுக் கற்பிக்கிறார்.' புலமைப்பரிசில் வருடத்திலும் அதேதான்: 'அதிபரின் நேரடிக் கற்பித்தலில் மூவர் சித்தி.' நாலு வருடத்தில் ஆட்டுக்குக் கிடைத்த ஒரு வரி எனக்குக் கிடைக்கவில்லை.

அவர் ஈரத் தலையோடு உள்ளே வந்து, என் மடியில் புத்தகத்தைக் கண்டார். துவாயைப் பிழிந்து தோளில் போட்டார்.

"உன்ட பேர் அதில இல்லத்தானே. காட்டி என்ன பிரயோசனம்?" என்றார்.

"போட்டிட்டன் எண்டு சொன்னீங்க சேர்."

"போடத்தான் இருந்தன். அந்த வருசம் எனக்குப் பதவி உயர்வு நேரம்..." என்று இழுத்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, "வேணுமெண்டா இப்ப எழுதித் தாறன். அடியில இடம் கிடக்கு. அதே பேனையும் வச்சிரிக்கன்" என்றார். ஒரு கணம், உண்மையைச் சொன்னால் என்ன, எனக்கு வாயூறியது. எழுதினால் அது பொய்யில்லையே, நான் நின்றவள்தானே. ஆனால் அவரே நாக்கைக் கடித்துக்கொண்டார். "இல்ல பிள்ள. புத்தகம் கடலில போயிட்டெண்டு எழுதிக் குடுத்திட்டன். இப்ப இது எங்கால வந்ததெண்டு கேப்பாங்க. என்ன செய்ற?"

தான் சொன்ன பொய்யின் மேல் தானே தடுக்கி விழுந்து, என்னையும் விழுத்திவிட்டு, என்ன செய்ற என்று என்னிடம் கேட்ட மனிதர் அவர். நான் புத்தகத்தைப் பைக்குள் வைத்தேன். பையைத் தோளில் மாட்டிக்கொண்டு படலையைத் தாண்டினேன். "அத வச்சிற்றுப் போ" என்று பின்னால் குரல் கேட்டது. கிறுகிப் பார்க்கவில்லை. சத்தியக் கடதாசியைப் பற்றி இருவரும் பேசவேயில்லை.

முறைப்பாடு எழுதினேன். எழுதிக் கிழித்தேன். "அவர வீட்டுக்கு அனுப்பினா உனக்கு வேல வருமா?" என்று அம்மா கேட்டார். வராது. அவரும் சில மாதத்தில் மாலையும் மரியாதையுமாக ஓய்வு பெற்றார். பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பார்கள். அந்த நாட்களில் எங்கள் பக்கத்தில் கடல் எடுக்காததையும் கடலின் தலையில் போட்டவர் அவர் ஒருவர் மட்டும் இல்லை. கடல் மறுத்துப் பேசாது.

பாசிக்குடாவில் ஹோட்டல்கள் எழும்பிய நேரம் அது. மூன்றாவது வாசலுக்கு நான் யாரிடமும் புத்தி கேட்கவில்லை. முப்பத்தொரு வயதில், பத்தொன்பது வயதுப் பிள்ளைகளோடு நின்று கட்டில் விரிப்பை மூலை மடிக்கப் பழகினேன். ஊரில் வாய்க்கு வந்தபடி பேசினார்கள். ஹோட்டலுக்குப் போகிறவள் என்று இரண்டு சம்பந்தம் குழம்பியது. அழுதேன், ஆனால் நிற்கவில்லை. இன்று வரவேற்பு மேசைக்கும் அறைப் பகுதிக்கும் நான்தான் பொறுப்பு. எந்தப் பாடம் எடுக்க, எங்கே போக என்று பிள்ளைகள் என்னிடம் கேட்டு வருகிறார்கள். எனக்குத் தெரியாது என்றுதான் சொல்கிறேன். ஒன்று மட்டும் சொல்லி அனுப்புகிறேன்: உன் பெயரை எழுதிவிட்டதாக ஒருவர் சொன்னால், அந்தப் பக்கத்தைத் திறந்து காட்டச் சொல்லு.

போன வருடம் அதிபர் ஹோட்டலுக்கு வந்தார். அதே மோட்டார் சைக்கிள். உடம்பு பாதியாக வற்றியிருந்தது. காவலாளி மறிக்க, நான் போய்க் கூட்டிவந்து கதிரை கொடுத்தேன். பள்ளிக்கூடத்துக்குப் பொன்விழா மலர் போடுகிறார்களாம். முதன்முதல் மூன்று பிள்ளைகள் சித்தியடைந்த கதையையும், அவர்களை அவரே படிப்பித்ததையும் எழுதிக் கொடுத்திருக்கிறார். பழைய மாணவர் சிலர், எங்களைப் படிப்பித்தது டீச்சர் அல்லவா என்று கேட்டுவிட்டார்களாம். ஆதாரம் இருந்தால் போடுகிறோம் என்று மலர்க் குழு சொல்லிவிட்டது.

"அந்தப் புத்தகத்த ஒருக்காத் தா பிள்ள" என்றார். "ரெண்டு பக்கம் போட்டோ எடுத்திட்டுத் தாறன். சாகிறத்துக்கு முதல் என்ட பேர் ஒரு இடத்தில வரட்டும்."

அவருடைய கண்ணில் நீர் நின்றது. அதுவும் பொய் இல்லை. இரக்கம் வரும் என்று காத்திருந்து பார்த்தேன். வரவில்லை. புத்தகம் என் வீட்டில், அதே பைக்குள், அலுமாரியின் மேல்தட்டில் இருக்கிறது.

"அதக் கடல் கொண்டு போயிட்டு சேர்" என்றேன். "நான் என்ன செய்ற?"

அவர் என் முகத்தைப் பார்த்தார். பிறகு எழுந்து வாசலுக்கு நடந்தார். வருகிறவர்களைப் பதியும் புத்தகத்தில் அவர் பெயரை முழுதாக எழுதி, வந்த நேரத்தையும் போகிற நேரத்தையும் குறித்தேன். மோட்டார் சைக்கிள் மூன்றாம் உதையில்தான் கிளம்பியது. கரியரில் பழைய டியூப் நாடா இன்னும் சுற்றிக் கிடந்தது. கட்டிவிட ஒன்றும் இருக்கவில்லை.