பதினொரு நத்தை ஓடுகள்

பல் செட் செய்கிறவருக்கு எல்லாமே குமட்டும். பகல் முழுக்க ஊராரின் வாய் அச்சுகள். காய்ந்த எச்சில், மெழுகு வாடை. மனிதர்களையும் பிடிக்காது. சாப்பிடும்போது பேசுகிறவர்கள், பேசும்போது தொடுகிறவர்கள். இரண்டையும் செய்கிற மச்சான், மனைவியின் அண்ணன், நாலு நாள் என்று வந்து மூன்று வாரமாகிறது.

சகிக்க முடிந்தது அந்த ஆப்பிரிக்க மீன்களை மட்டும்தான். கூடத்துத் தொட்டியில் மணல், பதினொரு காலி நத்தை ஓடுகள், ஏழு மீன்கள். விரல் நீளம்கூட இல்லை. ஆளுக்கொரு ஓடு. நிழல் பட்டால் போதும், சுருக்கென்று உள்ளே போய்விடும். ஓட்டைத் தூக்கினாலும் வெளியே வராது. ஒன்றின் வீட்டில் இன்னொன்று எட்டிப் பார்க்காது. போன வாரம் ஓர் ஓட்டின் வாசலில் குஞ்சுகள் தெரிந்தன, கமா அளவில். இரண்டு வருடத்தில் முதல் தடவை. அன்று வேலைக்கு அரைமணி தாமதமாகப் போனார்.

ஆனால் தொட்டிக்குள் கை விடமாட்டார். வழவழப்பு ஆகாது. தண்ணீர் மாற்றுவது மனைவிதான். அவள் கையில் தையல் போட்டிருந்ததால் மச்சானிடம், "நாறுது, தொட்டிய சுத்தம் பண்ணிடுங்க" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார். வேறொன்றும் சொல்லவில்லை. சொன்னால் பேச்சு வளரும்.

சாயங்காலம் தொட்டி பளிச்சென்று இருந்தது. ஓடுகள் சமையலறையில், ஒரு தட்டில், ஆவி பறக்க.

"மீன் எங்க?"

"கைய விட்டேன், ஒண்ணுகூட காணோம். நீங்களே எடுத்து வேற எதுலயோ வச்சிருப்பீங்கன்னு நெனச்சேன் மாப்ளே. ஓட்டுல நாத்தம் போகலன்னு வெந்நீர்ல போட்டேன்."

மனைவி எட்டிப் பார்த்தாள். "பயந்தா ஓட்டுக்குள்ள போயிடும்னு அண்ணன்கிட்ட சொல்லலையா நீங்க?"

மச்சான் சம்மணம் போட்டு உட்கார்ந்து ஓடுகளை ஒவ்வொன்றாக உள்ளங்கையில் தட்டினார். மீன்கள் வெளுத்து வந்தன. ஏழு. எட்டாவது தட்டலில் கூழாகிப்போன குஞ்சுகள்.

"குட்டியும் இருந்திருக்கே" என்றார். "ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே மாப்ளே."

அதே கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டார்.

"ஊருக்கு எப்பக் கிளம்பறீங்க?" என்று கேட்டார் பல் செட்காரர்.

மனைவி முகத்தைச் சுளித்தாள். தட்டைப் பார்த்து அல்ல, கணவரைப் பார்த்து.