இரண்டு கண் விலை

அந்த எலுமிச்சைச் சாறு ஆலையில் புளிப்பை அளக்க ஒரு மெஷின் இருந்தது. அது பாட்டுக்கு மூலையில் முனகிக்கொண்டிருக்கும். யாரும் சட்டை செய்வதில்லை. எல்லோரும் நம்பியது புளிப்பக்காவின் நாக்கைத்தான். இருபத்தாறு வருடமாக, காலை பத்து மணிக்கு ஜன்னலோரம் உட்கார்ந்து, அன்றைக்கு வந்த பழங்களின் சாற்றைக் கரண்டி கரண்டியாக ருசி பார்ப்பது அவள் வேலை. அவள் எழுதிக்கொடுப்பதைப் பார்த்துத்தான் எவ்வளவு பழம் வாங்குவது என்று மேனேஜர் முடிவு செய்வார்.

மேனேஜருக்கு முன்னாலேயே ஊருக்கு முடிவு தெரிந்துவிடும். ஜன்னலுக்கு எதிரே டீக்கடை. தரகர்கள் பத்துப் பேர் அங்கே டீயை ஆறவிட்டு அவள் முகத்தையே பார்த்திருப்பார்கள். சாறு தண்ணீராக இருந்தால் அந்த முகத்தில் ஓர் அசைவும் இருக்காது, விலை விழும். நல்ல புளிப்பென்றால் வலது கண் தானாக மூடும், விலை நிற்கும். இரண்டு கண்ணும் மூடினால் போச்சு, தோட்டங்களை நோக்கித் தலைதெறிக்க ஓடுவார்கள். சந்தையிலேயே ஒற்றைக்கண் விலை, இரண்டு கண் விலை என்றுதான் பேச்சு. அவளும் வேண்டுமென்று ஒருநாளும் கண்ணை மூடியதில்லை. ஜலதோஷம் வந்தால் லீவு போட்டுவிடுவாள். தும்மித் தொலைத்தால் சந்தை என்னாவது!

நாலு வருடத்துக்கு முன்பு ஒரு சீசன் முழுக்க இரண்டு கண் விலை. அதைப் பார்த்துவிட்டு ஊரில் எலுமிச்சை நடாதவர் பாக்கியில்லை. தையல்காரர்கூடக் கடைக்குப் பின்னால் நட்டார். புளிப்பக்காவின் கணவர் சும்மா இருப்பாரா? காய்கறித் தோட்டத்தை அழித்துவிட்டு முழுக்க எலுமிச்சை போட்டார். அத்தனை பேர் செடியும் பேசிவைத்த மாதிரி இந்த வருடம் காய்த்துத் தள்ளியது. போதாததற்கு மழை வேறு; பழமெல்லாம் தண்ணீர். மூன்று வாரமாக அவள் கண் மூடவேயில்லை. வீட்டில் நாற்பது மூட்டை கிடந்தது. மூட்டைகள்மேல் ஏறி இறங்கித்தான் கட்டிலுக்குப் போகவேண்டும். இன்னும் இரண்டு நாளில் அழுகிவிடும். அழுகினால் நட்ட கடனுக்குப் பாதித் தோட்டத்தை விற்க வேண்டியதுதான்.

“இங்க பாரு,” என்றார் கணவர், மூட்டைமேல் உட்கார்ந்தபடி. “நாளைக்கு ஒரே ஒரு நாள், ரெண்டு கண்ணையும் கொஞ்சம் மூடிடேன்.”

“நல்லா இருக்கே கதை! என் மூஞ்சிய நம்பித்தான் ஊரே பொழப்பு நடத்துது. முடியாதுன்னா முடியாது.”

அவர் சண்டைக்கு வந்திருந்தால் அவளும் நாலு வார்த்தை திருப்பிக் கொடுத்துவிட்டு நிம்மதியாக இருந்திருப்பாள். அந்த மனுஷனோ நசுங்கிய பழங்களைப் பொறுக்கிச் சட்டைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

மறுநாள் பத்து மணி. முதல் கரண்டி வெறும் தண்ணீர். இரண்டாவது அதைவிட மோசம். மூன்றாவதை வாயில் வைத்தபோது, நாக்கில் இல்லாத புளி வயிற்றில் கரைய, இரண்டு கண்ணையும் இறுக மூடினாள். மூக்கு, தாடை, தோள்பட்டை எல்லாம் கோணின. பழக்கமில்லாத பொய், அளவு தெரியவில்லை. எதிரே டம்ளர்கள் உருளும் சத்தம் கேட்டது. கண்ணைத் திறந்தால் டீக்கடைக்காரர் மட்டும்தான் நின்றிருந்தார். மேனேஜருக்கு அவள் உள்ளதை உள்ளபடி எழுதிக்கொடுத்தாள்.

மத்தியானத்துக்குள் விலை இரண்டு மடங்கு. ஓட்டமும் நடையுமாக வீட்டுக்கு வந்தாள். மூட்டை ஒன்றையும் காணோம்.

“வித்துட்டீங்களா? நல்ல விலையா?”

“எங்க! காலையில எட்டு மணிக்கே வந்த விலைக்குத் தள்ளிட்டேன், கடனுக்குக் காணாது, பாதித் தோட்டம் போனதுதான். உங்கக்கா வீட்டுக்காரர்தான் அள்ளிட்டுப் போனார்.”

அந்த ஆளைக் கண்டாலே இருவருக்கும் ஆகாது.

“பத்து மணி வரைக்கும் பொறுக்கக் கூடாதா?”

“நீ பொய் சொல்லமாட்டேன்னு எனக்குத் தெரியாதா? அத நம்பித்தான் வித்தேன்.”

அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. “மூடினேங்க. மூணாவது கரண்டி. சுத்தத் தண்ணி. உங்களுக்காகத்தான் மூடினேன்.”

“எனக்காகவா?” என்றார். “ரெண்டு கண்ணுமா?”

“ரெண்டும்.”

பாதித் தோட்டம் போகப்போகிறவர் முகத்தில் கல்யாணமான புதிதில்கூட அவள் பார்க்காத சந்தோஷம். தெருவில் இறங்கி வீடு வீடாகச் சொல்ல வாசல்வரை போனார். சொன்னால் நாளைக்கு அவள் முகத்தை யார் நம்புவார்கள் என்று திரும்பி வந்தார். மறுபடி போனார், மறுபடி வந்தார். கடைசியில் கதவைச் சாத்திவிட்டு அவளிடமே குனிந்து, ரகசியமாகச் சொன்னார்:

“உனக்கு விஷயம் தெரியுமா? எம் பொண்டாட்டி எனக்காகப் பொய் சொல்லியிருக்கா!”