மலிவுக் கடையில் வாங்கிய வெள்ளைக் கட்டி

1976-ஆம் வருடம் என்று நினைவு. மெல்பன் நகரத்தின் தென்கிழக்கே மல்கிரேவில் ஒரு வாடகை வீட்டில் இருந்தோம். என் கணவருக்குத் தொழிற்பள்ளி ஒன்றில் கணக்கு ஆசிரியர் வேலை. மகளுக்கு நாலு வயது. மதுரையிலிருந்து வந்து ஒன்றரை வருடம் ஆகியிருந்தது. இப்போது அந்தப் பக்கம் தெருவுக்கு நாலு தமிழ்க் குடும்பம் இருக்கிறது. அன்றைக்கு நான் தமிழில் ஒரு வார்த்தை பேச வேண்டுமென்றால் கணவர் வேலையிலிருந்து திரும்பும்வரை காத்திருக்க வேண்டும்.

பள்ளி இறுதி வரை படித்தவள் நான். ஆங்கிலம் எழுத்துக் கூட்டி வாசித்துவிடுவேன். வாய் திறந்து பேசத்தான் வராது. நான் ஏதாவது கேட்டு, எதிரில் இருப்பவர் "சாரி?" என்று காதைத் திருப்பினால் போதும், அடுத்த சொல் தொண்டையிலேயே நின்றுவிடும்.

சனிக்கிழமைதோறும் எங்கள் வீட்டுக்கு ஒருவர் சாப்பிட வருவார். ஐம்பது வயதுக்காரர். கும்பகோணத்துப் பக்கம். இரண்டு வருட ஆராய்ச்சிக்காகப் பல்கலைக்கழகத்துக்கு வந்து தனியாக ஓர் அறை எடுத்துத் தங்கியிருந்தார். என் கணவர் அவரை ரயிலில் பார்த்து, முகத்தை வைத்தே தமிழர் என்று ஊகித்துப் பேச்சுக் கொடுத்து வீட்டுக்கு அழைத்து வந்தார். நாங்கள் அவரை சார் என்றுதான் கூப்பிடுவோம்.

சார் சுத்த சைவம். முட்டை சேர்ந்திருக்கும் என்று கேக்கைக்கூடத் தொடமாட்டார். முதல் நான்கு மாதம் ரொட்டி, பால், வாழைப்பழம், வேகவைத்த உருளைக்கிழங்கு, இவற்றிலேயே ஓட்டியிருக்கிறார். சட்டைக் காலருக்குள் கழுத்து தனியாக ஆடும். எங்கள் வீட்டில் கோழியும் ஆட்டுக்கறியும் உண்டு. அதை முதல் நாளே அவரிடம் சொல்லிவிட்டேன். அவருக்கென்று தனியாக ஒரு வாணலி, இரண்டு பாத்திரம், ஒரு கரண்டி வாங்கி மேல் அலமாரியில் வைத்தேன். சனிக்கிழமை என் அடுப்பில் கறி ஏறாது. அவர் அதைக் கவனித்திருக்க வேண்டும். எதில் செய்தது, எப்படிச் செய்தது என்று ஒருநாளும் கேட்டதில்லை. இலையில், அதாவது தட்டில், போட்டதைச் சாப்பிடுவார்.

சாமான் வாங்கத் தெருமுனையில் ஒரு சின்னக் கடை இருந்தது. ஒரு கிரேக்க அம்மா நடத்தினார். அவருடைய ஆங்கிலமும் என்னுடையதைப் போலத்தான். எங்கள் வீட்டுக்குக் கறியே சாப்பிடாத ஒருவர் வருகிறார் என்று கையைக் காலை ஆட்டி ஒருமுறை அவருக்கு விளக்கினேன். அவர் சட்டென்று புரிந்துகொண்டார். ஈஸ்டருக்கு முன்னால் அவர்களுக்கும் நோன்பு உண்டாம். கறி, பால், முட்டை எதையும் தொடமாட்டார்களாம். அதன்பிறகு நான் ஒரு பிஸ்கட் பாக்கெட்டை எடுத்தால், அதை என் கையிலிருந்து வாங்கித் திருப்பி, பின்னால் இருக்கும் பொடி எழுத்தை விரலால் தடவிப் படிப்பார். தலையை ஆட்டிவிட்டு உள்ளே வைத்துவிடுவார். வேறொன்றை எடுத்துத் தருவார்.

ஆனால் கடையில் எல்லாம் விலை. போதாததற்கு, எனக்குப் பின்னால் நாலு பேர் வந்து நின்றுவிட்டால் முதுகெல்லாம் வேர்க்கும். அரைகுறையாக வாங்கிக்கொண்டு திரும்பிவிடுவேன்.

அந்த வருடம் குளிர்காலத்தில் பெரிய சாலையில் மலிவு விலை சூப்பர் மார்க்கெட் ஒன்று திறந்தார்கள். அலங்காரம் கிடையாது. அட்டைப்பெட்டியின் மேல்பகுதியைக் கிழித்து அப்படியே அடுக்கியிருப்பார்கள். விலையை மைக்குச்சியால் பெட்டியிலேயே எழுதியிருப்பார்கள். சாமான்களைக் காகிதப் பையில் நாம்தான் போட்டுக்கொள்ள வேண்டும். எனக்கு அது சொர்க்கமாக இருந்தது. தள்ளுவண்டியை எடுத்துக்கொண்டு என் இஷ்டத்துக்குச் சுற்றலாம். ஒரு பொருளை எடுத்துப் பார்க்கலாம், பிடிக்காவிட்டால் வைத்துவிடலாம். முழுவதும் வாங்கி முடித்துக் காசு கொடுத்து வெளியே வரும்வரை ஒருவரிடமும் ஒரு வார்த்தை பேச வேண்டியதில்லை. எனக்கு விலை குறைவு பாதி சந்தோஷம் என்றால், பேச வேண்டியதில்லை என்பது மீதி.

மலிவு எங்களுக்கு உதவவே இல்லை என்று சொன்னால் பொய். மிச்சம் பிடித்ததில்தான் மகளுக்கு நல்ல கம்பளிக் கோட்டு வாங்கினோம். அதுவரை இரண்டு சட்டையை ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டு அனுப்பிக்கொண்டிருந்தேன். கிரேக்க அம்மா கடைக்குப் பால் வாங்க மட்டும் போனேன். மலிவுக் கடைப் பையோடு அந்த வழியே வரும்போது எதிர்ப்பக்க நடைபாதைக்கு மாறிவிடுவேன்.

தீபாவளி வந்தது. சாருக்கு முறுக்கும் முந்திரிக்கொத்தும் செய்துபோட வேண்டும் என்று எனக்கு ஆசை. எண்ணெய் நிறைய வேண்டும். மலிவுக் கடைக் குளிர்பெட்டியில் வெண்ணெய்க்குப் பக்கத்தில் காகிதம் சுற்றிய வெள்ளைக் கட்டிகள் குவிந்து கிடந்தன. எண்ணெயைவிட எவ்வளவோ மலிவு. மேலே 'டிரிப்பிங்' என்று ஒரே ஒரு சொல். டிரிப் என்றால் சொட்டுவது என்று எனக்குத் தெரியும். எண்ணெய்தானே சொட்டும். பார்க்க நம் ஊர் வனஸ்பதி போலவே இருந்தது. சூடு பண்ணினால் உருகிச் சொட்டும் வனஸ்பதி என்று நானே அர்த்தம் பண்ணிக்கொண்டேன். நாலு கட்டி வாங்கினேன்.

சாருடைய வாணலியை மேலிருந்து இறக்கிக் கழுவித் துடைத்து அடுப்பில் வைத்தேன். கட்டி உருகியதும் ஒரு வாடை வந்தது. இதை நான் மறைக்கக்கூடாது. வாடை வந்தது. எங்கோ முகர்ந்த வாடை. ஒரு நிமிடம் கரண்டியோடு நின்றேன். இந்த ஊர் வனஸ்பதி இப்படித்தான் இருக்கும்போல என்று மனதுக்குச் சமாதானம் சொல்லிவிட்டு, மாவில் இன்னும் கொஞ்சம் பெருங்காயம் கரைத்து ஊற்றினேன்.

சனிக்கிழமை சார் வந்தார். முதல் முறுக்கைக் கடித்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். தட்டு காலியானது. அன்றைக்குத்தான் முதல்முறையாக அவர் என்னிடம் கேட்டார்.

"எதுல பொரிச்சீங்க? இவ்வளவு மொறுமொறுன்னு வந்திருக்கே."

எனக்குப் பெருமை தாங்கவில்லை. உள்ளே போய் மீதமிருந்த ஒரு கட்டியைக் கொண்டுவந்து அவர் கையில் கொடுத்தேன். எந்தக் கடை, எந்த வரிசை என்றெல்லாம் சொன்னேன். அவர் அறையில் சின்ன மின்சார அடுப்பு ஒன்று இருந்தது. நீங்களும் தாளித்துச் சாப்பிடலாம் சார், வெறும் உருளைக்கிழங்கை எத்தனை நாள் தின்பீர்கள் என்று நானே தூண்டினேன்.

அடுத்தடுத்த சனிக்கிழமைகளில் அவர் செய்திகளோடு வந்தார். கடுகு தாளித்து முட்டைக்கோஸ் வதக்கினாராம். அப்பளம் பொரித்தாராம். உருளைக்கிழங்கை வறுத்தாராம், பக்கத்து அறை மாணவன்கூட வந்து கேட்டு வாங்கிச் சாப்பிட்டானாம். கழுத்தில் சதை பிடித்திருந்தது. நான் கணவரிடம் சொல்லிச் சொல்லி மகிழ்ந்தேன்.

ஐந்தாறு வாரம் ஆகியிருக்கும். ஒருநாள் மழை பிடித்துக்கொண்டது. எதிர்ப்பக்கம் மாற முடியாமல் மலிவுக் கடைப் பையோடு கிரேக்க அம்மா கடைக்குள்ளேயே ஒதுங்க வேண்டியதாயிற்று. அவர் பையைப் பார்த்தார். கோபம் எதுவும் காட்டவில்லை. நனைந்து பிரிந்துபோன காகிதப் பையை மாற்றித் தருவதற்காகச் சாமான்களை ஒவ்வொன்றாக மேசையில் எடுத்து வைத்தார். வெள்ளைக் கட்டி வந்ததும் நிறுத்தினார். கறி சாப்பிடாதவருக்கா இது என்று கேட்டார். ஆமாம் என்று சிரித்தேன்.

அவர் சிரிக்கவில்லை. இரண்டு ஆள்காட்டி விரலையும் நெற்றியின் இரு பக்கமும் கொம்பு போல வைத்துக் காட்டினார்.

"கௌ," என்றார் மெதுவாக. பிறகு தன் வயிற்றுப் பக்கத்தைக் கிள்ளிக் காட்டினார். மாட்டின் கொழுப்பு.

மழை விட்டதா, நான் எப்படி வீட்டுக்கு வந்தேன், எதுவும் நினைவில்லை. குளியலறையில் நின்று கையைச் சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டே இருந்தது மட்டும் ஞாபகம் இருக்கிறது. மாட்டுக்கறி எங்கள் வீட்டிலும் கிடையாது. ஆனால் எனக்கு அப்போது எங்களைப் பற்றி நினைப்பே வரவில்லை. கண்ணை மூடிக்கொண்டு முறுக்கைக் கடித்த அந்த முகம்தான் வந்தது.

சாயங்காலம் கணவர் வந்ததும் அழுதேன். அவர், "தெரிஞ்சா பண்ணினே? இப்போ சொல்லி அவரை எதுக்கு நோகடிக்கணும். இனிமே அவர் அதை வாங்காம இருந்தா போதும், அதுக்கு ஒரு வழி பாரு," என்றார். எனக்கு அது சரியாகவும் பட்டது, தப்பாகவும் பட்டது. சொல்லாமல் இருக்க ஒரு காரணம் கிடைத்ததில் நிம்மதியாக இருந்தது என்பதுதான் உண்மை.

சனிக்கிழமை சார் வந்து உட்கார்ந்தார். சொல்லிவிட வேண்டும் என்றுதான் சமையலறையிலிருந்து வந்தேன். அவர் மகளுக்கு ஒரு படம் வரைந்து காட்டிக்கொண்டிருந்தார். என் வாயில் வேறு வார்த்தை வந்தது. அந்த வெள்ளைக் கட்டி இதயத்துக்கு நல்லதில்லையாம் சார், டாக்டர் ஒருவர் தொலைக்காட்சியில் சொன்னார், உங்கள் வயதுக்கு வேண்டாம் என்றேன்.

"நல்லவேளை சொன்னீங்கம்மா," என்றார். "ரூம்ல ரெண்டு கட்டி இருக்கு. அதை வீணாக்க வேண்டாம், முடிச்சுட்டு நிறுத்திடறேன்."

அந்த இடத்தில் நான் சொல்லியிருக்க வேண்டும். கணவர் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். வேண்டாம் சார், என்னிடம் கொடுத்துவிடுங்கள், வேறு எதற்காவது ஆகும் என்றேன். ஆகட்டும், அடுத்த வாரம் கொண்டுவருகிறேன் என்றார். இன்றைக்கே வந்து எடுத்துக்கொள்கிறேன் என்று சொல்லியிருக்கலாம். கணவரை அவரோடு அனுப்பியிருக்கலாம். அவ்வளவு அவசரப்பட்டால் ஏன் என்று கேட்பாரே என்று பயந்தேன்.

அடுத்த சனிக்கிழமை செய்தித்தாளில் சுற்றி எடுத்துவந்தார். பிரித்தால் ஒன்றரைக் கட்டிதான் இருந்தது. ஒரு பாதியைத் தெரிந்தே அவரைச் சாப்பிட விட்டிருக்கிறேன்.

அதன்பிறகு ஒரு வருடம் அவர் எங்கள் வீட்டில் சாப்பிட்டார். பழைய வாணலியைத் தூக்கிப் போட்டுப் புதிது வாங்கினேன். ஒவ்வொரு பொட்டலத்தையும் அகராதியை வைத்துக்கொண்டு படித்தேன். புரியாததைக் கிரேக்க அம்மாவிடம் எடுத்துப் போனேன், மலிவுக் கடையில் வாங்கியதாக இருந்தாலும். அவர் முகம் சுளிக்காமல் படித்துச் சொன்னார். நான் அவரிடம் மன்னிப்புக் கேட்கவேயில்லை. கேட்க ஆங்கிலம் போதவில்லை என்று சொல்லிக்கொண்டேன். அதுவும் ஒரு சாக்குதான்.

சார் ஊருக்குப் போன இரண்டு மாதத்தில் நீல நிற விமானக் கடிதம் வந்தது. எங்கள் மூவரையும் விசாரித்திருந்தார். கடைசியில், அவர் இங்கே வரப் புறப்பட்டபோது மனைவி கவலைப்பட்டு அழுதாராம், அந்த ஊரில் என்னத்தைச் சாப்பிட்டு எப்படித் திரும்புவீர்களோ என்று. 'எப்படிப் போனேனோ அப்படியே திரும்பி வந்திருக்கிறேன், அங்கே எனக்கு ஒரு சகோதரியின் வீடு இருந்தது என்று அவளிடம் சொன்னேன். அவள் உங்களை ஒருமுறை பார்க்க வேண்டும் என்கிறாள்' என்று எழுதியிருந்தார்.

பதில் எழுத உட்கார்ந்தேன். உண்மையை எழுதிக் கிழித்தேன். உண்மையை விட்டுவிட்டு எழுதி, அதையும் கிழித்தேன். கடைசியில் கணவர் நலம் விசாரித்து நாலு வரி எழுதிப் போட்டார். இன்னும் இரண்டு கடிதம் வந்தது. அப்புறம் வரவில்லை. நாங்களும் வீடு மாறினோம்.

மலிவுக் கடைக்கு நான் இப்போதும் போகிறேன். அதன்மேல் எனக்குக் குறை ஒன்றும் இல்லை. கட்டியின் மேல் இருந்த சொல் உண்மையான சொல்தான், அர்த்தம் கேட்கக் கூச்சப்பட்டவள் நான். அறியாமல் செய்த அந்தத் தப்பைச் சொல்லியிருந்தால் சார் அன்றைக்கு வருந்தியிருப்பார், ஒருவேளை வருவதையே நிறுத்தியிருப்பார், ஒருவேளை மன்னித்தும் இருப்பார். அதில் எதைச் செய்வது என்பது அவர் முடிவு செய்ய வேண்டிய விஷயம், அதை அவரிடமிருந்து நான் எடுத்துக்கொண்டுவிட்டேன்.