நீல நூல்

நீல நூல் துண்டு ஒட்டவில்லை. ருமியானா அதை நாக்கில் தொட்டு ஈரமாக்கி மறுபடி வாக்குச்சீட்டில் வைத்தாள். மேயரின் கட்டத்துக்குள் அது பேனாவால் போட்ட சரிக்குறி மாதிரி வளைந்து படுத்தது. கைபேசியில் படம் எடுத்தாள். டிக் என்று சத்தம். கேமரா சத்தத்தை அணைத்து வைக்க மறந்திருந்தாள்.

திரைக்கு வெளியே நாற்காலி நகர்ந்தது.

"யாருடி அது உள்ளே, போட்டோ எடுக்கிறது?" சாவடித் தலைவி தோராவின் குரல்.

"பேனா மூடி, அக்கா. கீழே விழுந்துருச்சு."

"பொறுக்கிட்டு வெளியே வா. வீடு கட்டிக் குடியேறிடாதே."

ருமியானா நூலை எடுத்துச் சட்டைக் கையில் ஒட்டிக்கொண்டு, மேயரை எதிர்த்து நின்ற ஆசிரியை ஸ்லாத்காவின் கட்டத்தில் பேனாவை அழுத்திக் குறி போட்டாள்.

படம் கேட்டவன் தையல் ஆலை மேற்பார்வையாளன் பென்கோ. ஆலை மேயரின் மைத்துனருடையது. "படம் இல்லேன்னா திங்கக்கிழமை மிஷினும் இல்ல" என்று வியாழனன்றே சொல்லிவிட்டான். அந்த மிஷினில்தான் அவள் வீடு ஓடியது. ஆனால் அவள் கணவன் மெத்தோதிக்கு ரத்தம் சுத்தம் செய்ய நகரத்து ஆஸ்பத்திரிக்குப் போய்க்கொண்டிருந்த பேருந்தை நிறுத்தியவரும் இதே மேயர். திரும்ப விடுவதாகச் சொன்னவர் ஸ்லாத்கா மட்டும்தான்.

கம்யூனிஸ்ட் கட்சி மட்டுமே ஆண்ட காலத்தில் அவள் முதல் ஓட்டைப் போட்டபோது சீட்டில் ஒரே பெயர். மடித்துப் போட்டுவிட்டு வீட்டுக்கு வந்து பாலாடைக்கட்டி வைத்துச் சுட்ட பனித்சா தின்றார்கள். யோசிக்க ஒன்றுமில்லை. இந்த முறை நூல் யோசனை யாருடையது என்று தெரியவில்லை. வெள்ளிக்கிழமை ஆலையில் தேநீர் நேரத்தில் யாரோ சிரித்துக்கொண்டே சொன்னார்கள். சொன்ன பிறகு ஒருத்தரும் சிரிக்கவில்லை.

பென்கோ ரொட்டிக்கடை மூலையில் நின்றிருந்தான். படத்தை விரலால் பெரிதாக்கினான்.

"கோடு ஏன் இப்படிக் கோணலா இருக்கு?"

"கை நடுங்குச்சுண்ணே. எல்லாம் உங்க மேல உள்ள பயந்தான்."

அவனுக்கு அது பிடித்திருந்தது. அவள் கையைப் பார்த்தான். பார்வை சட்டைக் கையில் ஒட்டியிருந்த நூலில் நின்றது.

"ஞாயித்துக்கிழமை கூட உடம்பெல்லாம் நூலு. நல்ல சட்டை ஒண்ணு கிடையாதா உனக்கு?"

"தைக்கிறவ சட்டையில நூலு இல்லாம நெல்லா முளைக்கும்?"

அவனே அதைக் கிள்ளி எடுத்துத் தரையில் போட்டான். "போ, போ. அடுத்தவ வர்றா."

தெருமுனை திரும்பினாள். சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். வீட்டில் மெத்தோதி, "என்னாச்சு?" என்றான். "பசிக்குது" என்றாள். காலையிலிருந்து அவள் ஒன்றும் தின்றிருக்கவில்லை.

மறுநாள் திங்கள். மேயர் தோற்றிருந்தார். பென்கோவிடம் இருந்த படங்களின் அளவுக்குக்கூட அவருக்கு ஓட்டு விழவில்லை என்று பேசிக்கொண்டார்கள். பென்கோ யாரையும் நிமிர்ந்து பார்க்கவில்லை. ருமியானாவின் மிஷின் அதன் இடத்தில் இருந்தது. மதியம் பீன்ஸ் சூப். கிடங்கில் நீல நூல் தீர்ந்துவிட்டது என்று புதிதாக ஒரு பெட்டி வரவழைத்தார்கள். முந்தின வாரம் முழுக்க ஆலையில் தைத்ததோ வெள்ளைச் சட்டைகள்.