நீலக் கிறீஸ் பூசிய செயினோடு தலைமன்னாருக்கு

மன்னார்க் கரைக்குப் போவதென்றால் மாசியில் போங்கள் என்று எல்லாருக்கும் சொல்வேன். வெயில் ஏறியும் ஏறாமலும் இருக்கும். உப்பு நீர்ப்பரப்புகளில் பூநாரைகள் நிற்கும். கடல் அரைத்தூக்கத்தில் கிடக்கும். ஆனால் போன மாசியில் நாங்கள் போனதற்குக் காரணம் பூநாரை அல்ல, என் மனைவி ஜெசிந்தாவின் அண்ணன் சூசை. அரிப்பில் மீன்பிடிக்கிறவர். தங்கச்சி முருங்கன் பக்கத்து வயற்காரச் சைவக்காரனான என்னைக் கட்டியது அவருக்குப் பிடிக்கவில்லை. கலியாணத்துக்கு வரவில்லை, அதன்பிறகு பேச்சுமில்லை. இப்போதுதான் அவருடைய மனைவி மேரி தொலைபேசியில் கூப்பிட்டு, "ஒருக்கா ரெண்டு பேரும் வந்திட்டுப் போங்கோ, அவரும் வேண்டாமெண்டு சொல்லேல்லை" என்றார். அந்த "வேண்டாமெண்டு சொல்லேல்லை" எங்களுக்குப் போதுமாக இருந்தது. அவர் வாயால் ஒருமுறையாவது "மச்சான்" என்று கேட்டுவிட வேண்டும் என்ற ஆசை எனக்கு. வெட்கப்படாமலே சொல்கிறேன்.

நாங்கள் இருக்கும் வவுனியாவிலிருந்து அரிப்புக்கு ஏறக்குறைய தொண்ணூறு கிலோமீற்றர். எங்களுடையது நூற்றைம்பது சீசீ மோட்டார் சைக்கிள். காலையில் வெளிக்கிட்டு, கட்டுக்கரைக் குளத்து அணைக்கட்டில் ஒரு பிளேன்ரீ குடித்து, மத்தியானச் சாப்பாட்டுக்கு முன் போய்ச் சேர்ந்துவிட்டோம். செயின் நன்றாக இருந்தால் அதன் சத்தம் உங்களுக்குக் கேட்காது. காற்றும் பனைகளும் மட்டும்தான் கூட வரும். அப்படி ஒரு ஓட்டம்.

சூசை வாசலில் நின்று தங்கச்சியின் தலையைத் தடவினார். என்னைப் பார்த்துத் தலையசைத்தார். அவ்வளவுதான். சாப்பிடும்போதும் என்னோடு நேரே கதைக்கவில்லை. "அவருக்கு இன்னும் ஒரு துண்டு மீன் வைக்கச் சொல்லு" என்று ஜெசிந்தாவிடம் சொன்னார். நான் மூன்று அடி தள்ளித்தான் இருந்தேன். நானும் விட்டேனா? "காணும், இனி வேண்டாம் எண்டு சொல்லும்" என்று ஜெசிந்தாவிடமே சொன்னேன். நடுவில் அகப்பட்டவள் இருவரையும் பார்த்துச் சிரித்துக்கொண்டு மீனை வைத்தாள்.

அடுத்த நாள் தலைமன்னார் பழைய இறங்குதுறையைப் பார்த்துவிட்டு மாலை அரிப்புக்கே திரும்புவதாகத் திட்டம். காலையில் முற்றத்துக்கு வந்தால், செயின் முழுக்க நீல நிறத்தில் தடிப்பான கிறீஸ். படகு இயந்திரத்துக்குப் போடுவது. சூசை கடலால் வந்த கையோடு பூசிவிட்டு நித்திரைக்குப் போய்விட்டாராம், மேரி சொன்னார்.

 உப்புத் தண்ணீருக்கு அந்தக் கிறீஸ் நல்லதுதான். ஆனால் மோட்டார் சைக்கிள் மணலில் ஓடுவது. தடித்த கிறீஸ் செயினின் மூட்டுகளுக்குள் இறங்காது, வெளியே நின்று மணலைப் பிடித்துவைத்து அரைக்கும். துடைக்கச் சீலைத்துண்டு எடுத்தேன். ஜெசிந்தா என் கையைப் பிடித்தாள்.

"துடைக்காதேங்கோ. இந்தக் கரையிலை பிற ஊர்ப் படகு வந்து ஏறினால், அண்ணை ஆக்கள் தங்கடை ஆள் எண்டு நினைக்கிறவையின்ரை எஞ்சினுக்கு மட்டும்தான் கிறீஸ் தொட்டு விடுறவை. மற்ற ஆக்களின்ரையைத் திரும்பியும் பாக்கமாட்டினம்."

சீலைத்துண்டை மடித்து வைத்தேன். அப்படியே வெளிக்கிட்டோம்.

வங்காலைப் பக்கத்துக் கடற்கரைப் பாதையில் காற்று மணலைத் தெருவின் குறுக்கே மெல்ல இழுத்துக்கொண்டிருந்தது. மன்னார்ப் பாலத்துத் தாம்போதியில் இரு பக்கமும் தண்ணீர், எல்லை தெரியாத வெள்ளை வெளிச்சம். போகிறோமா நிற்கிறோமா என்றே தெரியவில்லை. ஜெசிந்தா என் முதுகில் தலை சாய்த்திருந்தாள். அந்தக் கனவுக்குள்தான் செயின் நறநறக்கத் தொடங்கியது. எருக்கலம்பிட்டித் திருப்பம் தாண்டியதும் இடைக்கிடை உதைக்கவும் தொடங்கிவிட்டது. அப்படியே ஓடினால் பற்சக்கரம் தேய்ந்துவிடும்.

ஒரு பெரிய வேம்பின் கீழ் நிறுத்தினேன். பக்கத்துக் கடையில் அரைப் போத்தல் மண்ணெண்ணெயும் ஒரு பழைய பல் பிறஸும் தந்தார்கள். இஞ்சினை நிறுத்தி, நடு ஸ்ராண்டில் ஏற்றி, பின்சில்லைக் கையால் சுற்றிச் சுற்றித் தேய்த்தேன். நீலம் கறுப்பாகி, மணலோடு சொட்டியது. மனதுக்குச் சரியான கஷ்டமாக இருந்தது. காயவிட்டு, பையில் கொண்டுபோன கியர் ஒயிலைக் கீழ்ச் செயினின் உட்பக்கத்தில் துளித்துளியாக விட்டேன். கொஞ்சம் ஊறியபின் மிச்சத்தைத் துடைத்தேன். பிறகு தலைமன்னார் வரைக்கும் சத்தமே இல்லை. இறங்குதுறையின் துருப்பிடித்த கால்களுக்கிடையே பச்சைத் தண்ணீர் ஏறி இறங்கியது. கடலுக்கு அந்தப் பக்கம் இந்தியா இருக்கிறதென்று நம்பிக்கொண்டு வெகுநேரம் இருந்தோம்.

திரும்பும்போதுதான் பயம் பிடித்தது. சூசை செயினைப் பார்ப்பார். மன்னார் ரவுணில் ஒரு படகுச் சாமான் கடையில் சின்ன டின் கிறீஸ் வாங்கினேன். அரிப்பு ஆற்றுப் பாலம் கடந்ததும் நிறுத்தி, செயினின் வெளித்தகட்டில் மட்டும் மெல்லிசாகப் பூசினேன். "களவு" என்றாள் ஜெசிந்தா. "மரியாதை" என்றேன்.

சூசை முற்றத்தில் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தார். எழும்பி வந்து குந்தி, செயினில் விரலை வைத்துத் தேய்த்துப் பார்த்தார்.

"நான் பூசினது நீலம்," என்றார். "இது சிவப்பு."

கடையில் தந்த கிறீஸின் நிறத்தை நான் யோசிக்கவேயில்லை. மணல் பிடித்தது, செயின் உதைத்தது, வேம்பின் கீழ் கழுவியது, எல்லாவற்றையும் சொன்னேன். அவர் விரலை உடுத்திருந்த சாரத்தில் துடைத்தார்.

"இதைக் காலமை என்னை எழுப்பிச் சொல்லியிருக்கலாமே, மச்சான்."

"நீங்கள் என்னோடை கதைக்கேல்லையே."

"நீங்களும் கதைக்கேல்லையே."

உண்மைதான். இத்தனை காலமும் அவர்தான் பேசவில்லை என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தவன் நான். என் பக்கத்திலிருந்தும் ஒரு சொல் போகவில்லை என்பது அந்த முற்றத்தில்தான் உறைத்தது. கண் கலங்கிவிட்டது.

போகிறவர்களுக்குச் சில வார்த்தை. இந்தக் கரையில் செயினுக்குத் தடித்த கிறீஸ் வேண்டாம், மெல்லிய ஒயில் போதும். ஓடி வந்த சூட்டோடு போட்டு ஊறவிடுங்கள். போட்டதைத் துடைக்க மறக்காதீர்கள். செயினின் ஆட்டம் இரண்டு விரல் அளவில் இருக்கட்டும். இஞ்சின் ஓடும்போது சீலைத்துண்டோடு கிட்டப் போகாதீர்கள், விரல் போய்விடும். வழமையாக ஐந்நூறு கிலோமீற்றருக்கு ஒருமுறை ஒயில் போடுவது போதும், மணலில் ஓடினால் அன்றன்றைக்கே பாருங்கள்.

மறுநாள் வவுனியாவுக்கு வெளிக்கிடும்போது இந்த ஐந்நூறு கிலோமீற்றர்க் கணக்கைச் சூசைக்கும் சொன்னேன். கேட்டுவிட்டு, என் பையிலிருந்த ஒயில் போத்தலை எடுத்துக்கொண்டு உள்ளே போய் அலுமாரியில் வைத்துப் பூட்டினார்.

"இது இஞ்சை கிடக்கட்டும், மச்சான். ஐந்நூறு முடியிற நேரமெல்லாம் வாங்கோ."

வவுனியாவில் எங்கள் வீட்டில் இப்போது செயின் ஒயில் வாங்கி வைப்பதில்லை.