தெரிந்தே மறந்தவர்

சமையலறையில் எவர்சில்வர் தட்டின் மேல் மாத்திரைகள் கொட்டும் சத்தம் கேட்டது. கூடத்தில் உட்கார்ந்திருந்த பிராம்ப்டர் காதைத் தீட்டிக்கொண்டார். வாராவாரம் ஆஸ்பத்திரியிலிருந்து வரும் நர்ஸ் சிஸ்டர், இதுவரை மாத்திரைகளை எண்ணிப் பார்த்ததே இல்லை.

நாற்பது வருஷம் நாடகக் கம்பெனியில் திரைக்குப் பின்னால் நின்று, நடிகர்கள் தடுமாறும்போதெல்லாம் வசனம் எடுத்துக் கொடுத்தவர் அவர். தெருவுக்கே அவர் பிராம்ப்டர்தான். ராஜா வேஷம் போட்டவனுக்குக் கைதட்டல் கிடைத்தது. ராஜாவுக்கு வசனம் ஊட்டியவரை யாரும் திரும்பிப் பார்த்ததில்லை. மனைவி போய்ச் சேர்ந்து மூன்று வருஷம். ஒரே மகள் கடல் தாண்டி இருக்கிறாள். "நல்லா இருக்கீங்களாப்பா?" என்று கேட்டுவிட்டு, பதில் முடிவதற்குள் போனை வைத்துவிடும் அவசரம் அவளுக்கு.

இதயத் துடிப்பு தாறுமாறாக ஓடியதால், ரத்தம் உறையாமல் இருக்க அவருக்கு ஒரு மாத்திரை எழுதிக் கொடுத்திருந்தார்கள். அளவு கூடினால் உடம்புக்குள் ரத்தக் கசிவு, குறைந்தால் பக்கவாதம். அதனால் சிஸ்டர் வீட்டுக்கே வந்து சொல்லிக் கொடுப்பாள். பிறகு அவரைத் திருப்பிச் சொல்லச் சொல்வாள். தப்பில்லாமல் சொல்லிவிட்டால் அதோடு அவள் வருவது நின்றுவிடும்.

முதல் நாளே அவருக்கு எல்லாம் தலைகீழாக மனப்பாடம். ஆனால், "இப்ப நீங்க சொல்லுங்க" என்று அவள் சொன்னதும், அவள் போனபின் அந்தச் சின்ன வீட்டில் தான் மட்டும்தான் என்பது நினைவுக்கு வந்தது. "ஒரு நாள் மறந்துட்டா, மறுநாள் ரெண்டாப் போட்டுக்கணும்" என்று உளறி வைத்தார். "ஐயோ, கூடவே கூடாது!" என்று பதறிய சிஸ்டர், மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தாள். அரை மணி நேரம் ஒரு மனிதக் குரல் அவருக்காகவே பேசியது. அன்றிலிருந்து வாரத்துக்கு ஒரு தப்பு. ஆறு வாரம் ஓடிவிட்டது.

சிஸ்டர் தட்டோடு கூடத்துக்கு வந்தாள்.

"ஒண்ணுகூடக் குறையலை, ஒண்ணுகூட மிஞ்சலை. ரத்தப் பரிசோதனையும் கச்சிதம். வாய் மட்டும் ஏன்யா இப்படி உளறுது?"

"வயசாச்சும்மா. மூளை பஞ்சு மூட்டையாயிடுச்சு."

"பஞ்சு மூட்டையா? போன வாரம் நான் குடிக்கத் தண்ணி கேட்டதுக்கு, நாடகத்துல மூணாவது காட்சி முழுசையும் ஒப்பிச்சீங்களே! தண்ணி கடைசி வரைக்கும் வரலை."

சிஸ்டர் ஸ்டூலை இழுத்து எதிரே போட்டு உட்கார்ந்தாள். குரல் தாழ்ந்தது. "நீங்க சொன்ன தப்பையெல்லாம் நான் எழுதி அனுப்பியிருக்கேன். உங்க கையில இந்த மருந்து ஆபத்துன்னு டாக்டர் சொல்லிட்டார். இன்னைக்கும் தப்பு வந்தா, மாத்திரையை நிறுத்திடுவாங்க."

"அதான் நீங்களே எண்ணிட்டீங்களே?"

"எண்ணிக்கை போதாது. மறந்தா என்ன செய்வீங்க, ரத்தம் வந்தா என்ன செய்வீங்கன்னு உங்க வாயால வரணும்."

"சரியாச் சொல்லிட்டா?"

"நான் வரமாட்டேன்." அவரைப் பார்க்காமலே சொன்னாள். "பதினாலு வீடு காத்திருக்குய்யா."

மாத்திரை நின்றால் பக்கவாதம் வரலாம் என்பது பிராம்ப்டருக்குத் தெரியும். வாய் கோணிப் படுத்துவிட்டால், மகளிடம் 'நல்லா இருக்கேம்மா' என்று பொய் சொல்லக்கூட முடியாதே! எழுந்து நின்றார். மேல் துண்டைச் சரி செய்துகொண்டார்.

"தினமும் சாயங்காலம் ஆறு மணிக்கு, டாக்டர் எழுதின அளவு மட்டும். மறந்துட்டு அன்னைக்கே ஞாபகம் வந்தா போட்டுக்கலாம். மறுநாள் வந்தா விட்டது விட்டதுதான், ரெண்டாப் போடவே கூடாது. ஈறுல ரத்தம், கருப்பா மலம், தலையில அடி, எது ஆனாலும் உடனே ஆஸ்பத்திரி. மூட்டுவலின்னு கடையில கண்டதை வாங்கக் கூடாது. பல்லு புடுங்கப் போனா, முதல்ல இந்த மாத்திரையைப் பத்திச் சொல்லணும்." மூச்சு வாங்கினார். "பரிசோதனைத் தேதியை விடக் கூடாது. போன வாரம் நீங்க அதைச் சொல்ல விட்டுட்டீங்கம்மா."

சிஸ்டர் சிரித்துவிட்டாள். சிரிப்போடு கண்ணும் நிறைந்தது. குனிந்து தாளில் எழுதி, அவரிடம் கையெழுத்து வாங்கி, பையைத் தோளில் மாட்டினாள்.

"ஆறு வாரமும் தெரிஞ்சேதானே?" என்றாள் வாசலில்.

"தனியா இருக்கறவன் வேற என்னம்மா பண்ணுவான்?"

அவள் அவர் கையை ஒரு நிமிஷம் பிடித்திருந்தாள். "போயிட்டு வரேன்யா."

வரமாட்டாள் என்று இருவருக்கும் தெரியும். "பாத்துப் போம்மா" என்றார். அவளுடைய வண்டி முனை திரும்பும் வரை நின்றிருந்துவிட்டு, கதவைச் சாத்தினார்.