வாசிக்கப்படாத இரண்டாம் தீர்மானம்

எங்கள் சபையின் தீர்மான ஏட்டில் என் கையெழுத்தில் ஒரு பொய் இருக்கிறது. அந்த ஏட்டில் எழுதியதை அடிக்கவோ திருத்தவோ எவருக்கும் உரிமையில்லை. அவ்விதியை முன்மொழிந்தவனே நான். அது போதாதென்று, ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் இருக்கையைவிட்டு எழாமல் இருந்ததும் பிழையாகப் பொருள்கொள்ளப்பட்டு, இன்று ஒருவருடைய ஆயர் பணிக்கு எதிரான சான்றாக நிற்கிறது. ஏட்டைத் திருத்த இயலாதாகையால் இதனை எழுதுகிறேன். அவருடைய இசைவு பெற்றே எழுதுகிறேன்.

அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழி செல்லும் பேருந்தில் வந்து இறங்கி, பருத்தியும் மல்லியும் விளையும் கரிசலுக்குள் சிறிது தொலைவு நடந்தால் எங்கள் ஆலயம். நாங்கள் லுத்தரன் மரபினர்; ஐம்பது குடும்பங்கள்கூட இல்லாத சிறு சபை. நான் பள்ளியில் தமிழ் கற்பித்து ஓய்வு பெற்றவன். நெடுங்காலமாகச் சபைக் குழுவின் செயலர். ஆயரை எங்கள் மக்கள் ‘ஐயரு’ என்பார்கள்.

நான் கூறும் ஆயர் எங்களிடம் வந்தபோது நாற்பதை நெருங்கிக்கொண்டிருந்தார், மணமாகாதவர். நன்றாகப் பேசுவார், அதைவிட நன்றாகக் கேட்பார். நோயுற்றோர் வீட்டுக்குச் சென்றால், மறைநூலைத் திறக்குமுன் அரைமணி நேரம் அவர்கள் மருமக்களைப் பற்றிச் சொல்லும் குறைகளைப் பொறுமையாகக் கேட்டிருப்பார். சனிக்கிழமைதோறும் மாலையில் காரியாபட்டி வழியாக மதுரையிலிருந்து ஒருவர் வருவார். மருத்துவமனை ஆய்வகத்தில் பணிபுரிபவர். ஞாயிறு காலை கீபோர்டு வாசிப்பார். எங்கள் பழைய ஒலிபெருக்கி இரையத் தொடங்கினால் திருப்புளியோடு அதன்முன் அமர்ந்துவிடுவார். ஐயருடைய சொந்தக்காரர் என்று ஊர் தானாகவே முடிவு செய்துகொண்டது. நானும் கேட்டதில்லை.

கடல்கடந்த நாடுகளில் எங்கள் மரபைச் சேர்ந்த திருச்சபைகள் சில, தன்பால் துணையோடு வாழ்பவரும் ஆயராகப் பணியாற்றலாம் என்று ஏற்றுக்கொண்டன. சில மறுத்தன. சில, அந்தந்தச் சபை தன் மனச்சான்றின்படி முடிவெடுக்கட்டும் என்று விட்டன. எங்களிடத்தில் இதைப் பற்றி எழுதப்பட்ட விதி எதனையும் நான் கண்டதில்லை. வெளிநாட்டுச் செய்தி இங்கும் பேச்சாகிவிடவே, தலைமை அலுவலகத்திலிருந்து ஒரு சுற்றறிக்கை வந்தது: தங்கள் ஆயர் அத்தகைய உறவில் இல்லை என்று ஒவ்வொரு சபைக் குழுவும், ஆயர் இல்லாத கூட்டத்தில் தீர்மானம் இயற்றி அனுப்ப வேண்டும். உறவில் இருப்பவர், வழிபாட்டில் அப்பமும் இரசமும் அளிக்கும் திருவிருந்தை வழங்கும் உரிமையை இழப்பார்.

அதனை ஆயரே என் வீட்டுக்குக் கொண்டுவந்தார். நான் படித்து முடிக்கும்வரை நின்றுகொண்டே இருந்தார்.

“சனிக்கிழம வாரவரு என் சொந்தக்காரர் இல்லீங்கய்யா. என் துணை. பன்னெண்டு வருசமாச்சு,” என்றார். “நீங்க செயலாளரு. தெரியாமக் கையெழுத்துப் போட்டீகன்னு நாளைக்கு ஆகிறக் கூடாது. அதான் சொல்லிட்டேன்.”

நான் மோர் கொண்டுவந்து கொடுத்தேன். அவர் குடித்துவிட்டுப் போனார்.

உண்மையை எழுதுவதானால், எனக்கு அவ்வாழ்க்கை விளங்கவில்லை. இன்றும் முழுதும் விளங்கிவிட்டதாகச் சொல்லமாட்டேன். நாட்டின் சட்டம் அதனைக் குற்றமன்று என்றுவிட்டதை அறிவேன். சட்டம் சொல்வது வேறு, அறுபது ஆண்டுப் பழக்கம் வேறு. ஆயினும் அவர் கையால் அப்பம் பெறுவதில் எனக்கு ஐயம் எழவில்லை. திருவிருந்தின் தூய்மை, வழங்குபவரின் தகுதியைச் சார்ந்ததன்று என்பது எங்கள் மரபின் அடிப்படைப் போதனை. அப்போதனையை நினைத்து ஆறுதல் அடைந்தேன். அவரைத் தகுதியற்றவர் என்று முடிவு செய்துவிட்டே அந்த ஆறுதலை அடைந்தேன் என்பது மிகப் பின்னர்தான் எனக்கு உறைத்தது.

மறுநாள் மாலை குழு கூடியது. என்னைத் தவிர இருவரே வந்தனர்: லோடு வேன் வைத்திருக்கும் மூப்பர் ஒருவர், நூற்பாலையில் மேற்பார்வை செய்யும் அம்மையார் ஒருவர். ஆலயத்துக்கு வெள்ளையடிப்பது முதல் தீர்மானம். சுற்றறிக்கை இரண்டாவது.

“அவருக்குக் கல்யாணமே ஆகல. இதுல என்னத்தச் சான்று குடுக்க?” என்றார் மூப்பர்.

“மதுரைக்காரரு வாரா வாரம் வாராரே, அவுக யாருன்னு கேட்டா என்ன சொல்லுவீக?” என்றார் அம்மையார்.

“சொந்தக்காரருன்னு சொல்லு.”

“எந்த வழிச் சொந்தம்?”

“மைக்கு வழிச் சொந்தம்.”

அம்மையார் சிரித்துவிட்டார். சிரிப்பு அடங்கியதும் என்னைப் பார்த்தார். “வாத்தியாரய்யா, ஒங்களுக்கு ஏதும் தெரியுமா?”

“எழுதிவிடலாம்,” என்றேன். வினவியதற்கு அது விடையன்று என்பதை மூவருமே அறிந்திருந்தோம்.

‘இச்சபையின் ஆயரைப் பொறுத்தமட்டில் இத்தகைய வினா எழவில்லை’ என்று எழுதினேன். அவ்வாக்கியத்தை அமைப்பதில் எனக்கு ஒரு பெருமிதமே இருந்தது. பிறர்மேல் பொய்ச்சான்று சொல்லாதே என்பது பத்துக் கட்டளைகளுள் எங்கள் எண்ணிக்கையில் எட்டாவது. பிறருக்காகப் பரிந்து பேசுவதும் அதனுள் அடங்கும் என்று எத்தனையோ பிள்ளைகளுக்கு, முதல் திருவிருந்துக்கு ஆயத்தப்படுத்தும் திடப்படுத்தல் வகுப்பில் கற்பித்திருக்கிறேன். பரிந்து பேசிவிட்டதாகவே எண்ணிக்கொண்டு கையெழுத்திட்டேன். மற்ற இருவரும் இட்டனர்.

நான் மறந்தது ஒன்றே. குழுவின் தீர்மானம் அடுத்த ஞாயிறு வழிபாட்டில் ஆயரால் வாசிக்கப்பட்ட பிறகே செல்லுபடியாகும்; அது எங்கள் சபையின் பழைய வழக்கம். வெள்ளையடிப்பும் நீரேற்றும் மோட்டாரும் பற்றிய தீர்மானங்களை ஆண்டாண்டாகக் கேட்டுக் கேட்டு, அவ்வழக்கத்தையே நான் செவியில் வாங்காமல் விட்டிருந்தேன். எவரைக் காக்க அப்பொய்யை எழுதினேனோ, அவர் வாயிலேயே அதனைக் கொண்டுபோய் வைத்துவிட்டேன்.

அது திருவிருந்து ஞாயிறு. பங்குபெற விரும்புவோர் முன்னதாக ஆயரிடம் பெயர் கொடுத்து, அன்று காலை உண்ணாமல் வருவது எங்கள் முறை. அறிவிப்புகளுக்குப் பின் ஆயர் ஏட்டை எடுத்தார். வெள்ளையடிப்பை வாசித்தார். அடுத்த வரிக்குக் கண் போனது. நின்றார். அவர் என்னைத் தேடிப் பார்க்கவில்லை. ஏட்டை மூடினார்.

“ரெண்டாவது தீர்மானம் என்னைப் பத்தினது. அது உண்மையில்ல. அதனால என்னால வாசிக்க முடியாது,” என்று தொடங்கி, என் வீட்டில் சொன்னதையே, அதே குரலில், அனைவர்க்கும் சொன்னார். கீபோர்டின் முன்னிருந்தவர் தலை நிமிராமல் கட்டைகளைப் பார்த்தபடி இருந்தார். “நான் திருவிருந்து குடுக்கணுமா வேண்டாமான்னு நீங்க சொல்லுங்க,” என்று ஆயர் பீடத்தைவிட்டு இறங்கி முன்வரிசையில் அமர்ந்துகொண்டார்.

மூன்று குடும்பங்கள் எழுந்து வெளியேறின. செருப்பைத் தேடும் ஓசைகூடக் கேட்டது.

நூற்பாலை அம்மையார் இருந்த இடத்திலிருந்தே பேசினார்: “ஐயரே, பேரக் குடுத்துட்டு, பச்சத் தண்ணி பல்லுல படாம வந்திருக்கோம். வெயிலு ஏறுது. மத்ததப் பெறகு பேசுவோம், எந்திரிங்க.”

“ஆமா, எனக்கும் கெறக்கமா வருது,” என்றார் வேன்காரர்.

ஆயர் எழுந்தார். மக்கள் வரிசையாகச் சென்று மண்டியிட்டனர். நான் செல்லவில்லை. பொய்ச்சான்று எழுதியவன், அதனை அறிக்கையிடாமல் அந்தப் பந்திக்குச் செல்லலாகாது என்று கருதியே செல்லவில்லை. காரணம் அதுவே, வேறில்லை. ஆனால் என் நெஞ்சுக்குள் இருந்ததை யார் கண்டார்? “வாத்தியாரே எந்திரிக்கல, பாத்தியா?” என்று பின்வரிசையில் ஒருவர் சொன்னது என் காதில் விழுந்தது. திரும்பிப் பார்த்துக் காரணம் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

சில வாரங்களில் தலைமையிலிருந்து இருவர் விசாரிக்க வந்தனர். “அன்னைக்கித் திருவிருந்துல பங்கெடுத்தீங்களா?” என்று என்னைக் கேட்டனர். “இல்லை,” என்றேன். அவர்கள் ஏன் என்று கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை; சொன்னால் தீர்மானத்தை அறிந்தே எழுதினேன் என்பதையும் சொல்ல வேண்டியிருந்தது. அவர்கள் அறிக்கையில், சபையின் செயலரே ஆயரின் கையால் திருவிருந்து பெற மறுத்தார் என்று இருப்பதாக அறிகிறேன். ஆயரின் உரிமை நிறுத்தி வைக்கப்பட்டது. அவர் மதுரைக்குப் போய்விட்டார். எல்லாச் சபைகளின் சார்பாளர்களும் கூடும் வரும் பேரவையில் இறுதி முடிவு எடுக்கப்படும். அவ்வறிக்கைதான் அங்கே வைக்கப்படும்.

எந்தத் திருச்சபையும் தன் ஆயர்களுக்கு விதி வகுக்கலாம். அவ்விதி எதுவாக இருத்தல் வேண்டும் என்பதைச் சொல்லும் புலமை எனக்கில்லை. ஆனால் உண்மையைச் சொன்னவர் பணியிழந்து நிற்பதும், பொய்யை எழுதியவன் அதே ஏட்டோடு செயலராகத் தொடர்வதும் எந்த விதியின்படி என்று கேட்க எனக்கு உரிமை உண்டு. அந்தப் பொய்யன் நானாகையால். செயலர் பொறுப்பைத் துறந்து கடிதம் கொடுத்துவிட்டேன். இக்குறிப்பின் படி ஒன்றைப் பேரவைக்கும் அனுப்புகிறேன்.

இதனை எழுத இசைவு கேட்டுத் தொலைபேசியில் அழைத்தபோது ஆயர் சொன்னார்: “எழுதுங்கய்யா. ஆனா என்னைய ரொம்ப நல்லவனா எழுதிராதீக. மைக்க நான் சரிபண்ணுனதாவும் எழுதிராதீக, இங்க ஒருத்தர் கோவிச்சுக்குவாரு.” அப்பால் ஒருவர் சிரிப்பது கேட்டது.

என் நினைவு முன்போல் உறுதியானதன்று. ஆயர் ஏட்டை மூடியது காணிக்கைப் பாடலுக்கு முன்போ பின்போ என்பதில் எனக்குத் தெளிவில்லை. வெளியேறியவை மூன்று குடும்பங்கள் என்று எழுதியுள்ளேன். வேன்காரரோ இரண்டே என்றும், மூன்றாம் குடும்பத்தார் திருச்சுழிப் பேருந்தைப் பிடிக்கவே எழுந்தனர் என்றும் வாதிடுகிறார். அன்று ஆலயத்தில் இருந்தோர் இவற்றையும், நான் அறியாமல் செய்திருக்கும் பிற பிழைகளையும், பேரவை கூடுமுன் எனக்கு எழுதித் திருத்துமாறு வேண்டுகிறேன். நான் அமர்ந்திருந்ததை மட்டும் எவரும் எனக்குப் பரிந்து நல்லதாக்கித் திருத்த வேண்டா.